இத்தாலிய வினைச்சொற்களில் அழுத்தம் எங்கே விழும்? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே, இத்தாலியம் படிப்பவர்களோ அங்கே இருப்பவர்களோ இருந்தால் கொஞ்சம் கை கொடுங்கள். நேற்று வகுப்பில் 'அவன் பேசினான்' என்பதற்கு 'பர்லோ' என்றேன், ஆனால் கடைசி அசையில் போடவேண்டிய அழுத்தத்தை முதலில் போட்டதால் அது 'நான் பேசுகிறேன்' ஆகிவிட்டது. நமக்குக் குறில் நெடில்தான் பொருளை மாற்றும், அழுத்தம் மாற்றாது, அதனால் காதில் ஏறவே மாட்டேன் என்கிறது.

கடைசி அசை என்றால் எழுத்தின் மேல் கோடு இருக்கும், பிழைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்குத்தான் குறியே கிடையாதே. 'பர்-லியா-மோ'வில் கடைசிக்கு முந்தைய அசை, சரி. ஆனால் 'அவர்கள் பேசுகிறார்கள்' என்னும் 'பர்-ல-னோ'வில் முதல் அசை, 'விரும்புகிறார்கள்' என்னும் 'தெ-சி-தெ-ர-னோ'வில் 'சி', அதாவது கடைசியிலிருந்து நான்காவது! 'நான்' வடிவத்தில் அழுத்தம் எங்கேயோ 'அவர்கள்' வடிவத்திலும் அங்கேயே என்று பிடித்துக்கொண்டேன், நிகழ்காலத்துக்கு இது போதுமா?

அதைவிடக் குழப்பம், 'ஏரே'யில் முடிபவை. 'பார்க்க' என்பது வெ-தே-ரே, நடுவில் அழுத்தம். 'நம்ப' என்பது க்ரெ-தெ-ரே, முதலில் அழுத்தம். ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதுதான் வழியா?

அப்புறம் அசை பிரிப்பது. 'புரிகிறது' என்பதை நான் 'கபிஸ்-கோ' என்று வெட்டினால், புத்தகம் 'க-பி-ஸ்கோ' என்கிறது. 'படிக்கிறேன்' இரண்டே அசை, ஸ்து-தியோ. 'அனுப்புகிறேன்' மட்டும் இன்-வி-ஓ என்று மூன்று. அந்த 'இ' எப்போது தனித்து நிற்கும், எப்போது ஒட்டிக்கொள்ளும்? அழுத்தம் அதன்மேல் விழுந்தால்தான் தனியா? தெரிந்தவர்கள் இரண்டு உதாரணத்தோடு சொல்லுங்கள்.