ஃபென்டனில் ஒன்று குறைந்த காலை: மருந்து மெஷின் அனுபவங்கள்

சத்துவாச்சாரி ஸ்டாஃப்

மருந்து மெஷின் இருக்கும் ஐசியூவில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: விரல் ரேகை வைத்தால் டிராயர் திறக்கும், யார் எத்தனை எடுத்தார்கள் என்று கணக்கு வைக்கும் அலமாரி அது. நைட் முடியும் நேரம், கடும் வலிக்குப் போடும் போதை மருந்தான ஃபென்டனில் ஊசியின் டிராயர். எத்தனை இருக்கிறது என்று கேட்டது, ஒன்பது என்று அடித்தேன். மறுபடி எண்ணச் சொன்னது. மறுபடியும் ஒன்பதுதான். அதன் கணக்கில் பத்து. இரவு முழுக்க அந்த டிராயரிலிருந்து நான் எதையும் எடுக்கவில்லை. ஆனாலும் திரையில் நின்றது என் பெயர்.

இன்சார்ஜ் வந்ததும் கோட் பாக்கெட்டைக் காட்டு என்றார். பேனா, மைக்ரோபோர், ஒரு மிட்டாய்க் காகிதம். பக்கத்து பெட் அட்டெண்டர் எழுந்து நின்று பார்த்தார். பெருக்க வந்த அக்கா, "இன்னா பாப்பா, கணக்கு வரலியா?" என்று கேட்டார். அவர் பாவமாகத்தான் கேட்டார். எனக்கு அதுதான் இன்னும் காதிலேயே இருக்கிறது.

மதியம் காலி ஆம்பியூல் (ஊசி மருந்துக் கண்ணாடிக் குப்பி) தட்டை எண்ணினால் அதில் ஒன்று கூடுதல். முந்தைய ஷிஃப்டில் மூச்சுக் குழாய் போடும் (இன்டியூபேஷன்) அவசரத்தில் யாரோ இரண்டு எடுத்துவிட்டு ஒன்று என்று அடித்திருக்கிறார்கள். "சரி, விடு" என்றார் இன்சார்ஜ். அதோடு முடிந்தது.

குடியாத்தம் டு தம்மாம்

பாக்கெட்டைக் காட்டச் சொன்னது ரொம்பத் தப்பு சிஸ்டர். ஆனால் மெஷினைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அது டிராயருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை, நாம் அடிப்பதைக் கூட்டிக் கழிக்கிறது, அவ்வளவுதான்.

சவுதியில் எங்கள் வார்டில் மிடசோலம் என்ற மயக்க ஊசி ஒன்று குறைந்தது. டிஸ்கிரிபன்சி, அதாவது கணக்கு வித்தியாசம், தீராமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அங்கே சட்டம் மாதிரி. கடைசியாக எடுத்தது ஒரு பிலிப்பினோ பெண். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஃபார்மசிஸ்ட் டார்ச்சோடு வந்து டிராயரை மொத்தமாக வெளியே இழுத்தார். பின்பக்க இடுக்கில் ஆம்பியூல் படுத்திருந்தது, உடையக்கூட இல்லை. டிராயரைப் படாரென்று தள்ளினால் தடுப்பைத் தாண்டிக் குதித்துவிடுமாம். அவர் அதை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், வாங்கவே இல்லை.

ராணிப்பேட்டை சீனியர்

எங்கள் காலத்தில் மெஷின் கிடையாது. இரட்டைப் பூட்டு அலமாரி, மார்பின் ரெஜிஸ்டர், இரண்டு கையெழுத்து. ஒரு தடவை ரெஜிஸ்டரில் 7 என்று எழுதியதை அடுத்தவர் 1 என்று படித்துவிட்டு, ஆறு ஆம்பியூலை யார் சேர்த்தது என்று காலையெல்லாம் சண்டை.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மெஷின் தன் கணக்கைக் காட்டாமல் உங்களை எண்ணச் சொல்வது நல்லதற்குத்தான். பக்கத்தில் நிற்பவர் "பத்து இருக்கும், போடு" என்று சொன்னால் போடாதீர்கள், கையால் தொட்டு எண்ணுங்கள். அடுத்தவர் விரல் ரேகையில் திறந்த டிராயரில் நீங்கள் எடுக்காதீர்கள். நகர்ந்தால் லாக் அவுட் பண்ணுங்கள். ஓவர்ரைடில், அதாவது டாக்டர் ஆர்டர் ஏறும் முன்பே அவசரத்துக்கு எடுத்தால், ஆர்டர் ஏறிவிட்டதா என்று அப்புறம் போய்ப் பாருங்கள். பாதி ஆம்பியூல் மிச்சமானால் அப்போதே, ஒருவர் பார்க்க, டிஸ்கார்ட் பண்ணுங்கள், அதாவது கொட்டிவிட்டுப் பதிவு செய்யுங்கள். கணக்கு உதைத்தால் நேரம், டிராயர், யார் கூட இருந்தார்கள் என்று உங்கள் கையால் எழுதி வையுங்கள். இது 1985 போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து. 2014 திருத்தத்தில் மார்பின், ஃபென்டனில் எல்லாம் அத்தியாவசியப் போதை மருந்து ஆனதால் ஆஸ்பத்திரி வாங்குவதுதான் சுலபமாயிற்று, கணக்கு சுலபமாகவில்லை. டிரமடால்கூட 2018இல் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது, அதையும் சாதாரண ஊசி என்று நினைக்காதீர்கள்.

ஆம்பூர் நைட் டியூட்டி

அக்கா, யாரும் கிளாஸ் கேட்கவில்லையே. வார்டுக்கு இரண்டே பேர், ஒருத்தி ஸ்கேனுக்கு பேஷண்டோடு போய்விட்டாள் என்றால் "ஒருவர் பார்க்க" என்பதற்கு ஆளை எங்கிருந்து கொண்டுவருவது?

எங்கள் இடத்தில் விடியற்காலையில் ஒருவர் வரிசையாக விரலை வைத்துக்கொண்டே போவார், ராத்திரி முழுக்க நடந்த டிஸ்கார்டுக்கெல்லாம் அவர்தான் விட்னஸ். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்கள். அரை ஆம்பியூல் ஃபென்டனில். "நான் பார்க்கவில்லையே சிஸ்டர்" என்றேன். அவர் சிரிஞ்சைக் காட்டினார். உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. அது ஃபென்டனிலா சலைனா, பார்த்து யாரால் சொல்ல முடியும்? நான் விரல் வைக்கவில்லை. அவர் வேறொருவரை வைத்து முடித்துக்கொண்டார். டூட்டி ரோஸ்டரில் எனக்கு அதற்கப்புறம் வரிசையாக ஞாயிற்றுக்கிழமைகள் விழுந்தன. அவர் நல்லவராகவே இருக்கலாம். அதுதான் தெரியவில்லை என்பதுதான் என் பிரச்சினை.

காட்பாடி ஃபார்மசி

எல்லாரும் எடுப்பவரையே பேசுகிறீர்கள், நிரப்புபவரை யாரும் கேட்கவில்லை. சீல் பிரிக்காத பெட்டியைப் பத்து என்றே ஏற்றுவது பல இடத்தில் வழக்கம். ஒரு பெட்டியை நர்ஸ் முன்னாலேயே பிரித்தேன், உள்ளே ஒரு குழி காலி. கண்ணாடிச் சில்லு இல்லை, ஈரம் இல்லை. கம்பெனியிலிருந்தே ஒன்பதுதான் வந்திருக்கிறது. அந்தப் பெட்டி அப்படியே டிராயருக்குள் போயிருந்தால் யார் பாக்கெட்டைத் துழாவியிருப்பார்களோ.

ஃபென்டனில் 2 மில்லியிலும் வருகிறது, 10 மில்லியிலும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே டிராயர் ஒதுக்கியிருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி ஸ்டாஃப்

சீனியர் அக்கா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் நான் கையால் தொட்டு எண்ணியதால்தான் மாட்டினேன். பத்து என்று அடித்திருந்தால் அடுத்த ஷிஃப்ட் மாட்டியிருக்கும்.

ஃபார்மசி தம்பி, ஒரு சந்தேகம். மெஷினின் அந்த நாள் ரிப்போர்ட்டிலிருந்து என் பெயரை எடுக்க முடியுமா?

காட்பாடி ஃபார்மசி

எடுக்க முடியாது அக்கா. நீங்கள் கண்டுபிடித்தவர் என்றுதான் பதிவாகியிருக்கும், அதற்கு முன் டிராயரைத் திறந்தவர் பெயரும் அதிலேயே இருக்கும். தீர்த்ததற்கான காரணம் எழுத ஒரு இடம் உண்டு. அங்கே "காலி ஆம்பியூல் கிடைத்தது, முந்தைய எடுப்பில் எண்ணிக்கை தவறு" என்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நிறையப் பேர் வெறுமனே "சரிசெய்யப்பட்டது" என்று அடித்து மூடிவிடுகிறார்கள். அப்படி இருந்தால் இன்சார்ஜிடம் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.