புதுப்பிப்பு: பேட்டரி எலிப்பொறியில் எலி விழுந்தது (தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்)

சீலிங்குக்கு மேலே எலி ஓடுகிறது, ஷாக் கொடுக்கும் பொறி வைத்தும் ஒன்றும் விழவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. இப்போது மேலே சத்தம் இல்லை.

பலன் தந்தது, "முதலில் சுவிட்ச் போடாமல் தீனி மட்டும் வையுங்கள்" என்ற யோசனைதான். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கிப் போகும். சில ராத்திரி பயமில்லாமல் தின்னவிட்டு, அப்புறம் சுவிட்சைப் போட்டேன். மறுநாள் காலையில், எலி விழுந்ததைக் காட்டும் பொறியின் விளக்கு மினுக்கியது. பொறிக்குள் இருக்கும் இரண்டு உலோகத் தகடுகளையும் எலி சேர்த்து மிதித்தால்தான் மின்சாரம் பாயும். அதனால் வேர்க்கடலை வெண்ணெயைக் கடைசி மூலையில் துளி மட்டும் தடவினேன். பொறியின் வாசல், சுவரை ஒட்டி இருக்க வேண்டும், எலி சுவரோரமாகவே ஓடும்.

ரீசார்ஜ் பேட்டரி ஆகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அல்கலைன் (ஒரு முறை தீர்ந்தால் தூக்கிப் போடும் பேட்டரி) 1.5 வோல்ட், ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட்தான். என் பொறியின் கையேடு அல்கலைன் மட்டுமே போடச் சொல்கிறது. பேட்டரி என்பதால் மின்வெட்டிலும் கவலை இல்லை.

எதிர்பாராதது எறும்பு. தீனிக்கு வரிசை கட்டி வந்து தகடெல்லாம் பிசுக்கு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு வையுங்கள். இன்னொன்று, இந்த மாடலில் விளக்கு ஒரு நாளுக்கு மேல் மினுக்காது. விளக்கை நம்பாமல் தினமும் ஏறிப் பாருங்கள், இங்கே வெயில் காலத்தில் நாற்றம் சீக்கிரம் கிளம்பிவிடும்!

நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விற்கிற, சுவரில் செருகும் அல்ட்ராசோனிக் கருவியை அண்ணன் வீட்டில் மாட்டிப் பார்த்தோம். எலி அதன் பக்கத்திலேயே ஓடியது.