மறு: கிரவுண்ட் லூப் – ‘புவியிணை வளையம்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒலிக்கருவிகளை ஒன்றோடொன்று மாட்டும்போது வேண்டாத சத்தத்தைக் கொண்டுவரும் ‘கிரவுண்ட் லூப்’ என்ற மின்பாதைக்கு, நம் அகராதிக்காகத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்து வருகிறேன். புவிச்சுற்று, நிலவளையம், தரைக்கண்ணி, எர்த் வளையம் என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான்கைப் பற்றியும் எனக்குக் கருத்து உண்டு. அதற்கு முன்னால் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்தச் சொல் வேலைக்கு ஆகும் என்று நான் யோசிப்பதே அதை வைத்துத்தான்.

அப்பா வாங்கிய பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று வீட்டில் இருக்கிறது. கணினியில் சேர்ந்துபோன பாட்டுகளை அதில் கேட்கலாமே என்று ஒரு கேபிள் வாங்கினேன். ஒரு முனை கணினியின் பச்சை ஓட்டையில், மறுமுனையின் சிவப்பு, வெள்ளைப் பின்கள் ஆம்ப்ளிஃபயரின் முதுகில். பாட்டு நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் ‘உம்ம்ம்’ என்று ஒரு சத்தம். வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடியது.

ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “ஹம்மிங் சார், கண்டென்சர் வீக் ஆகியிருக்கும்” என்று சொல்லி மாற்றித் தந்தார்கள். கடையில் போட்டுக் காட்டியபோது துளிச் சத்தம் இல்லை. வீட்டுக்கு வந்து மாட்டினேன், மறுபடியும் அதே ‘உம்ம்ம்’. கடைக்காரர்மேல் எனக்குக் குறையே இல்லை. கடையில் அந்தப் பெட்டி தனியாக இருந்தது. கோளாறு அந்தப் பெட்டிக்குள் இல்லவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கணினிக் கேபிளை உருவினால் அமைதி, செருகினால் சத்தம். சரி, கணினிதான் என்று முடிவு கட்டப்போனேன். டிவியின் செட்டாப் பாக்ஸும் அதே ஆம்ப்ளிஃபயரில்தான் மாட்டியிருந்தது. சும்மா பார்ப்போமே என்று, தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து திருகிக் கழற்றினேன். அந்த நொடியே சத்தம் நின்றது. கணினி மாட்டியபடியேதான் இருந்தது.

என் ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு பின் பிளக். அதற்கு எர்த்தே கிடையாது. ஆனால் கணினியின் பிளக்கில் இருக்கும் தடித்த பின் வீட்டுக் கொல்லையில் உள்ள எர்த் குழிக்குப் போகிறது. கேபிள் டிவி வயரைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல், தெருவில் எங்கோ ஓரிடத்தில் மண்ணைத் தொடுகிறது. இந்த இரண்டு மண் தொடர்புகளும் ஆடியோ கேபிள்களின் வெளிப்பின்னல் வழியாக என் ஆம்ப்ளிஃபயரில் வந்து கைகோத்துக்கொண்டன. கொல்லையில் தொடங்கி, கணினி, ஆம்ப்ளிஃபயர், செட்டாப் பாக்ஸ், தெரு என்று போய் மண் வழியாகத் திரும்பும் ஒரு பெரிய வளையம்.

இரண்டு இடத்து மண்ணுக்கும் இடையே எப்போதும் சிறிய மின்னழுத்த வேறுபாடு இருக்கும். அதனால் அந்த வளையத்தில் மின்னோட்டம் ஓடும். கேபிள் பின்னலின் மின்தடை 0.1 ஓம் என்றும், ஓடுவது 10 மில்லிஆம்பியர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னலில் 1 மில்லிவோல்ட் உருவாகும். வீட்டுக் கருவிகளில் பாட்டுக்கான சமிக்ஞையே ஏறத்தாழ 316 மில்லிவோல்ட்தான். அதில் 1 என்பது ஐம்பது டெசிபெல் தாழ்ந்த ஒலி. பாட்டு ஓடும்போது மறைந்திருக்கும், பாட்டு நின்றால் காதில் விழும். பின்னல்தான் சமிக்ஞைக்கும் திரும்பும் வழி என்பதால், பாட்டு எது, இந்த 1 மில்லிவோல்ட் எது என்று ஆம்ப்ளிஃபயருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கி அனுப்பும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

> புவிச்சுற்று என்பது சுருக்கமாகவும் தூய தமிழாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் ‘சுற்று’ என்பதை மின்சுற்றுக்குக் கொடுத்துவிட்டோம். மின்சுற்று வேண்டுமென்றே அமைப்பது, இது வேண்டாமல் அமைந்துபோனது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் படிக்கிற மாணவர் குழம்புவார். போதாததற்கு, புவிச்சுற்று என்றதும் பூமி சூரியனைச் சுற்றுவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

‘சுற்று’ என்பதைவிட ‘வளையம்’ நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். இந்தச் சத்தம் மண்ணின் மின்னழுத்த வேறுபாட்டால் மட்டும் வருவதில்லை. வயர்கள் அகன்ற வளையமாகக் கிடந்தால், பக்கத்தில் இருக்கும் மின்மாற்றி, மோட்டார் ஆகியவற்றின் காந்தப்புலம் அந்த வளையத்துக்குள் ஊடுருவி மின்னோட்டத்தைத் தூண்டும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தூண்டல்தான். வளையத்தின் பரப்பு பெருகப் பெருகத் தூண்டலும் பெருகும். ஆடியோ வயரையும் பவர் வயரையும் வெவ்வேறு சுவர் வழியாகச் சுற்றிக் கொண்டுபோகாமல், இரண்டு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டி வயர்களைச் சுருக்கினால் சத்தம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘சுற்று’ என்றால் பாதை மட்டுமே தெரிகிறது. ‘வளையம்’ என்றால் அதற்கு உள்ளே ஓர் இடம் இருப்பதும் தெரிகிறது. சொல்லே கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

நிலவளையம் நல்ல முயற்சி. ஆனால் சேர்த்து வாசித்தால் நிலாவைச் சுற்றித் தெரியும் வளையம் போல ஒலிக்கிறது. தரைக்கண்ணியை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணி என்றால் சங்கிலியும் நினைவுக்கு வரும் என்று வாதிட்டிருந்தார்கள், உண்மைதான். ஆனால் ‘தரை’யையும் ‘கண்ணி’யையும் பக்கத்தில் வைத்தால் கண்ணிவெடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நம் குழுவில் பாதிப்பேர் இலங்கையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சொல்லை அவர்கள் அன்றாடம் எழுத வேண்டியதில்லை.

‘எர்த் வளையம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எலக்ட்ரீஷியன் வாயில் ஏற்கனவே இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குவதில் எனக்கு ஆசை இல்லை. யோசித்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. தமிழ்நாட்டில் “ஃபிரிட்ஜைத் தொட்டா எர்த் அடிக்குது” என்பார்கள். அங்கே எர்த் என்றால் மின்கசிவு. உண்மையில் எர்த் இணைப்பு சரியாக இல்லாதபோதுதான் அப்படி அடிக்கும். பேச்சு வழக்கில் அந்தச் சொல் தன் பொருளுக்கு நேர் எதிரான பக்கம் போய் நிற்கிறது. ‘எர்த் வளையம்’ என்று கேட்பவர், கருவியில் ஷாக் அடிக்கிறது என்றே புரிந்துகொள்வார்.

இலங்கை நண்பர் ஒருவர் ‘புவித்தொடுப்பு’ என்ற பாடநூல் சொல்லை நினைவூட்டினார். அழகான சொல். பூத் தொடுப்பதுபோல மண்ணோடு தொடுப்பது. அதிலிருந்து ‘தொடுப்பு வளையம்’ என்று சுருக்கலாமே என்று நானும் ஆசைப்பட்டேன். ஆனால் தமிழ்நாட்டுப் பேச்சில் ‘தொடுப்பு’ தனியாக நின்றால் தகாத உறவு என்று பொருள். ‘புவி’ என்ற முன்னொட்டு எங்கெல்லாம் விடுபடுகிறதோ அங்கெல்லாம் அந்தப் பொருள் தலைகாட்டும். வகுப்பறையில் ஆசிரியர் சொல்லத் தயங்கும் சொல் நிலைக்காது.

அதனால்தான் ‘புவியிணை வளையம்’ என்று முன்வைக்கிறேன். ‘இணை’ என்றால் சேர்ப்பது, ‘இணை’ என்றால் ஜோடியும்தான். இரண்டு புவி இணைப்புகள் சேர்ந்ததால் உண்டான வளையம் என்ற மொத்தச் செய்தியும் மூன்று சிறு சொற்களுக்குள் வந்துவிடுகிறது. மின்தேக்கி (கண்டென்சர்) என்றதும் அது எதையோ தேக்கி வைக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளங்கிவிடுவதுபோல, இதுவும் விளங்க வேண்டும். எங்கள் தெரு எலக்ட்ரீஷியனிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல், “புவியிணை வளையத்தால சத்தம் வருதாம்” என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எந்த ரெண்டு எடத்துல சார் எர்த் சேருது?” என்று கேட்டார். ‘ஹம்மிங்’ என்று சொன்னபோது கண்டென்சரைத் தேடினார்கள், இந்தச் சொல்லைக் கேட்டவர் இரண்டாவது எர்த்தைத் தேடுகிறார். எனக்கு வேண்டியது அதுதான்.

அடுத்தது, சத்தத்துக்கான சொல். காரணத்துக்கு ஒரு பெயரும் ஒலிக்கு ஒரு பெயரும் தனித்தனியாக வேண்டும் என்பது என் எண்ணம். ‘இரைச்சல்’ எல்லா வகைச் சத்தத்துக்கும் பொது, அது அப்படியே இருக்கட்டும். ‘ரீங்காரம்’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். தேனீயின் சிறகு நொடிக்கு இருநூறு தடவைக்கு மேல் அடிக்கிறது. நம் மின்சாரமோ 50 ஹெர்ட்ஸ். இதன் ஒலி அதைவிட மிகத் தாழ்ந்தது. சங்கீதம் தெரிந்தவர்கள் சுருதிப் பெட்டியை ஐந்து கட்டையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், இந்தச் சத்தம் கீழ் ஸ்தாயியில், அங்குள்ள சட்ஜத்துக்குச் சற்று மேலே நிற்கும். (60 ஹெர்ட்ஸ் ஓடும் அமெரிக்காவில் இது இரண்டு சுரங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.) உறுமல் என்றால் ஏறி இறங்கும். ஆகவே, நின்ற இடத்தில் நிற்கும் ஒலிக்கு ‘முரலல்’ பொருந்தும். வண்டு முரல்வது பழைய பாட்டுகளில் நிறைய வரும், வண்டின் குரல் தேனீயைவிடத் தாழ்ந்ததுதான். வெறும் ‘முரல்’ வேண்டாம். கடற்கரை ஊர்களிலும் யாழ்ப்பாணத்திலும் முரல் என்றால் மீன்.

சிலருக்கு மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் கீச்கீச் என்று வரும். கணினியின் உள்வேலையால் அதன் புவி வயரில் ஏறும் உயர் அதிர்வெண் சலனம் அது. பெரும்பாலும் இதே வளையத்தின் வழியாகத்தான் ஆம்ப்ளிஃபயரை வந்தடைகிறது. காரணம் ஒன்று, ஒலி வேறு. அதனால்தான் இரண்டு பெயர் கேட்கிறேன். இதைக் ‘கீச்சல்’ என்றே சொல்லிவிடலாம்.

கடைசியாக, நான் கடுமையாக எதிர்ப்பது ஒன்று உண்டு.

> தீர்வுக்குப் ‘புவிநீக்கம்’ என்று வைக்கலாம்.

தயவுசெய்து வேண்டாம். அந்தச் சொல்லைப் படித்துவிட்டு யாராவது பிளக்கின் மூன்றாவது பின்னை ஒடித்துவிடுவார்கள். ஏற்கனவே பலர் அப்படித்தான் செய்கிறார்கள், சத்தமும் நின்றுவிடுகிறது, அதுதான் ஆபத்து. அந்தப் பின் மற்ற இரண்டையும்விடத் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பது, செருகும்போது முதலில் தொட்டுக் கழற்றும்போது கடைசியில் விடுவதற்காக. அது இல்லாவிட்டால் கணினியின் உலோகப் பெட்டியே பவர் சப்ளையில் உள்ள இரண்டு சிறிய மின்தேக்கிகளால் 115 வோல்ட் அளவில் மிதக்கும். தொட்டால் சுருக்கென்பது அதனால்தான், அதில் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனால் உள்ளே காப்பு பழுதானால் முழு 230 வோல்ட்டும் பெட்டிக்கு வரும். போக வழியில்லாமல், ஆடியோ கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோக உடம்புக்கும் ஏறும். பாட்டை மாற்றக் கை வைக்கும் இடம் அது.

நாம் வெட்ட வேண்டியது புவியை அல்ல, வளையத்தை. அதுவும் சமிக்ஞை போகும் பக்கத்தில். ஆகவே ‘வளைய முறிப்பு’ என்று வைப்போம். கேபிளின் நடுவே மாட்டும் சிறிய பெட்டிக்கு ‘பிரிப்பு மின்மாற்றி’. அதற்குள் இரண்டு சுருள்கள் இருக்கும், இடையில் வயர் தொடர்பு கிடையாது. பாட்டு காந்தப்புலமாகத் தாண்டும், வளையம் அங்கே அறுந்துபோகும். என் வீட்டில் இப்போது இருப்பது அதுதான். புதிய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் ஒளியிழைக் கேபிளைப் பயன்படுத்தலாம். தோஷிபா 1983இல் கொண்டுவந்த முறை அது. உலோகமே இல்லாததால் வளையத்துக்கு இடமில்லை.

அகராதியில் சேர்க்க என் பரிந்துரை இது:

புவியிணை வளையம் – வெவ்வேறு இடங்களில் புவியோடு இணைந்த கருவிகளைச் சமிக்ஞைக் கேபிள் ஒன்று சேர்க்கும்போது உண்டாகும் மூடிய மின்பாதை. எ-கா: கேபிள் டிவி வயரைக் கழற்றியதும் முரலல் நின்றதால், புவியிணை வளையம் இருப்பது உறுதியானது.

இலங்கை நண்பர்கள் ‘புவியிணை’ தங்கள் காதுக்கு எப்படி ஒலிக்கிறது என்று எழுதுங்கள். ‘புவித்தொடுப்பு வளையம்’ என்று முழுமையாகவே அங்கே வழங்குவதானால், இரண்டையும் ஒரே பதிவில் இணைச்சொற்களாகப் போடலாம்.

அன்புடன்