‘முன்மாதிரி’ போதவில்லை: புரோட்டோடைப்புக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

தரமணியில் ஒரு சிறிய நிறுவனத்தில் வலைச்செயலி கட்டுவது என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவுச் செயலி செய்ய ஒப்புக்கொண்டோம். ஆவணமெல்லாம் தமிழில் வேண்டும் என்றார் உரிமையாளர். ஆசையாக எழுதிக் கொடுத்தேன். ஃபிக்மா என்ற திரை வடிவமைக்கும் மென்பொருளில் திரைகளை வரைந்து, பொத்தானைத் தொட்டால் அடுத்த திரைக்குப் போகும்படி இணைத்து, ‘முன்மாதிரி, பார்வைக்கு’ என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். மறுநாள் காலை போன். “எல்லாம் முடிஞ்சிருச்சேம்மா, வர்ற முகூர்த்தத்துக்கே விட்டுடலாமே?”

அவர் மேல் தப்பில்லை, சொல்லின் மேல்தான் தப்பு என்று இப்போது நினைக்கிறேன். நம் ஊரில் ‘மாதிரி’ என்றால் முடிந்த பொருளில் ஒன்றை எடுத்துக் காட்டுவது. பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்ககம் விற்பவர்கள் ‘மாதிரி வீடு’ காட்டுவார்கள். திரைச்சீலை வரை தொங்கும், இதைப் போலவே உங்களுக்கும் என்பார்கள். மாதிரி வினாத்தாளும் அப்படித்தான், விடை எழுதலாம். ‘முன்’ சேர்த்தால் இன்னும் மோசம். ‘முன்மாதிரியான மாணவர்’ என்றால் எல்லாரும் பின்பற்ற வேண்டியவர் என்றாகிவிடுகிறது. நான் அனுப்பியதோ யாரும் பின்பற்றக்கூடாத ஒன்று.

அதில் என்னதான் இல்லை என்று அவருக்கு அரை மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. தேதியைத் தொட்டால் நிறம் மாறும், ஆனால் அந்தத் தேதி எங்கேயும் பதிவாகாது. தை மாத முகூர்த்தம் ஒன்றை இரண்டு குடும்பங்கள் ஒரே நேரத்தில் தொட்டால் யாருக்கு மண்டபம்? படத்தில் இந்தக் கேள்வியே எழாது. நிஜச் செயலியில் ஒரு தேதிக்கு ஒரே பதிவுதான் என்று தரவுத்தளமே அடித்துச் சொல்ல வேண்டும். இரண்டாமவருக்கு மரியாதையாக ‘இல்லை’ என்று காட்ட ஒரு திரை வேண்டும். அந்தத் திரையை நாங்கள் வரையவே இல்லை. முன்பணம் வங்கியில் கழிந்துவிட்டது, பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது; அதற்கும் திரை இல்லை.

பெயர்க்கட்டம் தனிக் கதை. வரைந்தவர் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு இரண்டையும் கட்டாயமாக்கியிருந்தார். இன்ஷியலோடு வாழ்கிற ஊரில் குடும்பப்பெயருக்கு எங்கே போவது? அப்புறம் எழுத்து. ‘முன்பதிவு’ நம் கணக்கில் ஐந்து எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோடில் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனி எண் என்பதால் ஒன்பது குறியெண், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 27 பைட். இடம் போதவில்லை என்று நிரல் மூன்றாவது குறியெண்ணில் வெட்டினால் புள்ளி போய் ‘முன’ என்று நிற்கும். வரைபடத்தில் வரைந்தவரே பார்த்துப் பார்த்து வைத்த சொற்கள்தானே, எதுவும் வெட்டுப்படாது.

ஆக, உருவம் உண்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லும்போதே காட்டிக்கொடுக்கிற ஒரு சொல் வேண்டும். ‘தோற்றுரு’ என்று முதலில் யோசித்தேன். அலுவலகத்தில் ஒருவன் “தோற்றுப்போன உருவா அக்கா?” என்றான். அதோடு விட்டேன்.

இப்போது என் கையில் இருப்பது வெள்ளுரு. எழுதாத ஓலை வெள்ளோலை. விஷயமில்லாத அறிவு வெள்ளறிவு. அதே வரிசையில், உள்ளீடற்ற உரு வெள்ளுரு. வேலை செய்கிற வடிவத்துக்குச் செயலுரு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிற வேலை செயலுருவாக்கம். வடிவமைப்பாளர் நிரலாளரிடம் தருவதை, அதாவது ஹேண்ட்ஆஃபை, கைமாற்று என்று சிலர் எழுதுகிறார்கள். நமக்குக் கைமாற்று வட்டியில்லாக் கடன் அல்லவா? ஒப்படைப்பு போதும்.

குழுவினர் கருத்துச் சொல்லுங்கள்.

தரமணியிலிருந்து

* * *

மறுமொழி

அன்புள்ள மகளுக்கு,

மயிலாப்பூரிலிருந்து எழுதுகிறேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே ஆயுளைக் கழித்தவன்; கணினி பேரன் சொல்லித்தான் தெரியும். சொல்லை மட்டும் பார்க்கிறேன்.

> நம் ஊரில் ‘மாதிரி’ என்றால் முடிந்த பொருளில் ஒன்றை எடுத்துக் காட்டுவது

முழுக்கச் சரியில்லை அம்மா. தேர்தல் அன்று காலையில் முகவர்கள் முன்னிலையில் 50 வாக்காவது போட்டுப் பார்த்து அழித்துவிடுவார்கள். அதற்கும் மாதிரி வாக்குப்பதிவு என்றுதான் பெயர். அந்த வாக்கு கணக்கில் சேருமென்று யாரும் ஏமாறுவதில்லை. ஆனாலும் அங்கே இயந்திரம் நிஜம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் படத்தில் இயந்திரமே இல்லை.

வெள்ளுரு எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் சொல்லாமல் விட்ட உறவுக்காரர் ஒருவர் உண்டு, வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால் சுவாமியை எழுந்தருளச் செய்வதற்கு முன் வெறுந்தேரை இழுத்துப் பார்ப்பது. சக்கரம் திரும்புகிறதா, தெரு முனையில் இடிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். உங்கள் வரிசையில் வெள்ளுரு, செயலுரு, வெள்ளோட்டம், அதன் பிறகுதான் திருவிழா. மண்டபக்காரரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் மிச்சம்.

இரண்டு தடை. வெள்ளை உருவம் என்று கேட்டால் பேய் நினைவுதான் வரும். இரண்டாவது, செயலுருவாக்கம் நாக்கில் நிற்காது. உருவாக்கம் என்றே வைத்துக்கொண்டால் என்ன குறை?

* * *

மறுமொழி

ஐயா, வணக்கம்.

வெள்ளோட்டத்தை நான் யோசிக்கவேயில்லை. செயலியைப் பத்துப் பேருக்கு மட்டும் திறந்துவிட்டுப் பார்க்கிற கட்டத்துக்கு அதையே வைத்துக்கொள்கிறேன். பீட்டா என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பேய்த் தடையைச் சோதித்துவிட்டேன். இரண்டு நாளாக அலுவலகத்தில் விளக்கம் எதுவும் சொல்லாமல் வெள்ளுரு, வெள்ளுரு என்றே பேசினேன். முதல் நாள் சிரித்தார்கள், நீங்கள் சொன்ன அதே காரணத்துக்காக. இரண்டாம் நாள் மதியம் வடிவமைப்பாளரே “வெள்ளுருல இன்னும் எரர் ஸ்கிரீன் போடல” என்றார். வேற்றுமை ஏற்று, பேச்சில் சிதைந்து வந்துவிட்டதே, அதுபோதும் எனக்கு. பேய் அங்கேயே இருக்கட்டும்.

செயலுருவாக்கத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன், மன்னிக்கவும். உருவாக்கம் என்றால் படம் வரைவதும் உருவாக்கம்தான். மண்டபக்காரர் குழம்பியதே அங்கேதான்: உருவாக்கிவிட்டீர்களே, இன்னும் எதற்குக் காசு என்றார். நாங்கள் படம் வரைய ஒன்பது நாள் எடுத்தோம். அதைச் செயலுருவாக்க இதுவரை ஏழு வாரம் போயிருக்கிறது. அந்த ஏழு வாரத்துக்குத் தனிப்பெயர் இல்லாவிட்டால் கட்டணச் சீட்டில் எதை எழுதுவது? நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். பேச்சில் ‘செயலுருவாக்குறது’ என்று வினையாகவே புழங்கினால் கொஞ்சம் குறையும்.

வெறும் கோடும் கட்டமுமாகத் திரையின் அமைப்பைக் காட்டுகிற வயர்ஃபிரேமுக்குக் கோட்டுரு என்று போட்டிருக்கிறேன். கம்பிச்சட்டகம் என்று முன்பு எழுதியதைப் பார்த்துக் கொத்தனார் வேலையா என்று கேட்டவர் உண்டு. வண்ணம் தீட்டிய, தொட்டால் அசையாத படம் இருக்கிறதே, மாக்கப், அதற்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒப்பனை என்று ஒரு சொல் ஓடுகிறது, ஆனால் அது மேக்கப்பில் போய் நின்றுவிடுகிறது.

திருத்திய ஆவணத்தை வெள்ளிக்கிழமை மண்டபக்காரருக்கு அனுப்ப வேண்டும். மாக்கப்புக்கு யாரிடமாவது சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் மாக்கப் என்றே விட்டுவிடுகிறேன்.