பொருள்: மார்க்கர் = குறிமம்? (குறிப்பான், காட்டி பற்றியும்)

> ‘அழற்சிக் குறிப்பான்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

வணக்கம் ஐயா. உடலில் ஒரு நோய்நிலை இருப்பதைக் காட்டும் பொருளை ஆங்கிலத்தில் ‘மார்க்கர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘குறிமம்’ என்று நான் சொன்னதன்மேல் நீங்கள் கேட்டவற்றுக்கு இது பதில். ‘அழற்சிக் குறிப்பான்’ (அழற்சி என்பது காயத்துக்கும் தொற்றுக்கும் உடம்பு காட்டும் எதிர்வினை, இன்ஃபிளமேஷன்) புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அழற்சியில் இரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதத்தைப் பற்றி ‘சி.ஆர்.பி. ஒரு நல்ல குறிப்பான்’ என்று படிக்கும்போதெல்லாம் நோட்டும் பேனாவுமாக நிற்கும் ஓர் ஆள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறான். நாளைக்கும் வந்து குறிப்பான் போல! இது சும்மா வேடிக்கைக்கு. இதற்காகவே ஒரு சொல்லைத் தள்ளிவிட முடியாது. என் குறை வேறு. காய்ச்சலும் குறிப்பான், இ.எஸ்.ஆரும் (இரத்தச் சிவப்பணுக்கள் அடியில் இறங்கும் வேகம்) குறிப்பான், சி.ஆர்.பி.யும் குறிப்பான் என்றால், இவற்றில் எது இரத்தத்தில் கரைந்திருக்கும் பொருள், எது நாம் கண்ணால் பார்ப்பது என்று வாசகருக்குப் பிடிபடுவதில்லை.

> ‘காட்டி’ இன்னும் எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் திசைகாட்டி, நாள்காட்டி, நிறங்காட்டி எல்லாமே நாம் செய்து வைப்பவை. அமிலமா காரமா என்று பார்க்க நிறங்காட்டியைச் சொட்டுவிடுவதும் நாம்தான். சி.ஆர்.பி.யை யாரும் ஊற்றுவதில்லை. உடம்பில் எங்கோ அழற்சி கிளம்பி, இன்டர்லூக்கின்-6 என்ற செய்தி கடத்தும் புரதம் தூண்ட, கல்லீரலே அதைச் செய்து இரத்தத்தில் விடுகிறது.

எலிசா (ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று நிறமாற்றத்தால் அளக்கும் ஆய்வகச் சோதனை) பற்றி எழுத உட்கார்ந்தால் சிக்கல் நன்றாகத் தெரியும். தட்டின் குழியில் நீலம் ஏறி, அமிலம் விட்டதும் மஞ்சளாகிறதே, அந்த நிறத்தைத் தரும் நொதிக்குத்தான் ‘காட்டி’ பொருந்தும். நாம் தேடுகிற புரதம் வேறு. ‘காட்டியைக் காட்டும் காட்டி’ என்று ஒரு வரி என் வரைவிலேயே வந்துவிட்டது. அன்றைக்குத்தான் இந்தச் சொல்லைக் கைவிட்டேன்.

அதனால்தான் ‘குறிமம்’. தனிமம், சேர்மம், கனிமம் என்று பள்ளியிலேயே காதுக்குப் பழகிய ஒலி. கேட்டவுடன் ஒரு பொருள் என்று தெரிந்துவிடும். அழற்சிக் குறிமம், இதயக் குறிமம், கட்டிக் குறிமம், குறிமங்கள், குறிமத்தின் என்று எப்படி நீட்டினாலும் இடறவில்லை. கூடினால்தான் குறிமம் என்றும் இல்லை. அழற்சியில் ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைகிறது, அதுவும் குறிமம்தான்.

> இ.எஸ்.ஆர். பொருளே இல்லையே. அதை எங்கே வைப்பீர்கள்?

நான் எதிர்பார்த்த கேள்வி. இரண்டு நாள் தூங்கவிடாத கேள்வியும்கூட. இரத்தம் நிரப்பிய வெஸ்டர்கிரன் குழாயை (அளவு கோடிட்ட மெல்லிய குழாய்) நிமிர்த்தி வைத்து, 1 மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று பார்ப்பதுதான் இ.எஸ்.ஆர். அழற்சியில், இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடுகிறது. அது கூடினால் சிவப்பணுக்கள் காசை அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவை சீக்கிரம் அடியில் இறங்குகின்றன. ஆக ஃபைப்ரினோஜன் குறிமம். இறங்கும் வேகம் வெறும் குறி. காய்ச்சலும் குறிதான்.

சொல்லைப் பிரிப்பதில் பயனும் இருக்கிறது. இரத்தசோகை இருந்தால் அழற்சியே இல்லாமலும் இ.எஸ்.ஆர். ஏறும். சி.ஆர்.பி. இரத்தத்தில் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. அதனால் நோய் தணிந்ததும் மளமளவென்று இறங்கிவிடும். இ.எஸ்.ஆர். ஆற அமர வாரக்கணக்கில் இறங்கும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டு, ஒன்று இறங்கியும் மற்றது ஏன் இறங்கவில்லை என்று தனியே ஒரு பத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் சில. ‘அழற்சி’ இருக்கட்டும், அழல் என்ற வேர் அழகாகப் பொருந்துகிறது. செய்திகளில் அதை ‘வீக்கம்’ என்று எழுதுவதைத்தான் நிறுத்த வேண்டும். சிவப்பு, வெப்பம், வலி, வீக்கம் என்ற நான்கில் வீக்கம் ஒன்று, அவ்வளவே. சி.ஆர்.பி.யில் உள்ள ‘சி’ வைட்டமின் சி அல்ல. நியூமோகாக்கஸ் கிருமியின் சி-பலசர்க்கரை. 1930இல் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற ஆய்வாளர்கள் கண்டது அதோடு வினைபுரியும் புரதத்தைத்தான். எனவே அந்த எழுத்தை மொழிபெயர்க்க வேண்டாம்.

‘அளவு’ என்று எழுதுகிற இடங்களில் ‘செறிவு’ போடலாம். நான் மொழிபெயர்த்த ஒரு கையேட்டில் ‘சி.ஆர்.பி. அளவு 10க்கு மேல்’ என்று அலகில்லாமல் அச்சாகிவிட்டது, தவறு என்னுடையதுதான். மூலத்தில் இருந்தது லிட்டருக்கு 10 மி.கி. என்று. டெசிலிட்டர் (100 மி.லி.) கணக்கில் அறிக்கை தரும் ஆய்வகத்தில் அதுவே 1. ‘செறிவு’ என்று எழுதியிருந்தால் ‘எத்தனை நீர்மத்தில்?’ என்று எனக்கே உறைத்திருக்கும்.

> சீரம், பிளாஸ்மா இரண்டுக்கும் ‘குருதிநீர்’ போதாதா?

போதாது ஐயா. இரத்தம் உறைந்தபின் மேலே தெளிவது சீரம். உறையும்போதே ஃபைப்ரினோஜன் செலவாகிவிடும். அதை அளக்க உறையாமல் வைத்த குழாயிலிருந்து பிளாஸ்மாதான் எடுக்க வேண்டும். இரண்டையும் குருதிநீர் என்று எழுதினால், மாதிரி எடுப்பவர் எந்தக் குழாயை நீட்டுவார்? வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை சீரத்தைச் சீரமாகவே விட்டிருக்கிறேன்.