மறு: மறு: செப்புத் தகட்டுப் படங்கள் – வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

மீ. எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம். பழைய நூல் ஏலங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை ஒரு காலாண்டிதழுக்காக மொழிபெயர்க்கிறேன். கட்டுரையில் பாதிக்குமேல் ஒரே நூலைப் பற்றியது: 18ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிரானேசி 1756இல் ரோமில் வெளியிட்ட 'அந்திகித்தா ரோமானே' (ரோமானியத் தொன்மைகள்). நான்கு பெருந்தொகுதிகள். முதலாவதில் நகரத்தின் மதில்கள், நீர்க்கால்வாய்கள். இரண்டிலும் மூன்றிலும் கல்லறைகள். நான்காவதில் பாலங்கள், அரங்குகள். இருநூறுக்கு மேற்பட்ட படங்கள், எல்லாம் செம்புத் தகட்டில் செய்து அச்சிட்டவை.

மூன்று இடத்தில் முட்டி நிற்கிறேன். 'என்கிரேவிங்', 'எட்சிங்' இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். என் கையிலுள்ள அகராதி இரண்டுக்கும் 'செதுக்கல்' என்று சொல்லிவிட்டது. அடுத்து 'இம்ப்ரெஷன்', அதாவது தகட்டிலிருந்து எடுத்த தாள். தகடு தேய்வதற்கு முன் எடுத்ததற்குத்தான் ஏலத்தில் மதிப்பு. மூன்றாவது 'ஸ்டேட்'. இடையில் தகட்டையே திருத்தினால், திருத்துமுன் எடுத்த தாள் ஒரு ஸ்டேட், பின் எடுத்தது வேறு ஸ்டேட்.

வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

கு. எழுதியது:

மீ., 'எட்சிங்' என்றே போடுங்கள். தேடிப் பார்ப்பவருக்குப் படமாவது கிடைக்கும். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', காலத்தோடு வழக்கில் வந்துவிட்டால் விலக்க வேண்டிய சொல் இல்லை, என்று தொல்காப்பியரே கைகழுவிவிட்டார்.

இரா. எழுதியது:

கு. தம்பி நூற்பாவைப் பாதி படித்திருக்கிறார். 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி, என்பதும் தொல்காப்பியத்தின் அதே எச்சவியலில்தான் இருக்கிறது. 'எட்சிங்' என்பதில் ஙகர ஒற்று சொல்லின் இறுதியில் வந்து நிற்கிறது. அது எந்தக் காலத்துப் படும்?

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம். செம்புத் தகட்டில் பொறிப்பது நமக்குப் புதிதா? 'செப்பேட்டோவியம்' என்க. வண்ணம் இல்லாத கோட்டுப்படம் என்பதையும் காட்ட விரும்பினால் நெடுநல்வாடை 'புனையா ஓவியம்' தருகிறது. நச்சினார்க்கினியர் உரையையும் பார்த்துக்கொள்க. இடையில் ஒன்று: தகடு, தட்டு, தட்டை, தட்டான் நான்கும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. தட்டித் தட்டித் தட்டையாக்கியது தகடு. டகரம் ககரமாகத் திரிந்ததற்கு வேறு சான்றுகளும் வைத்திருக்கிறேன், தனி மடலில் எழுதுகிறேன்.

கு. எழுதியது:

> செப்பேட்டோவியம் என்க

ஐயா, செப்பேடு என்றதும் வாசகர் மனம் சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டுக்குப் போய்விடும். லைடன் செப்பேடு என்று பெயர்பெற்ற அந்த 21 ஏடுகளும் சோழ முத்திரை வளையமும்தான் கண்முன் நிற்கும். பிரானேசி ரோமாபுரியில் பள்ளிச்சந்தம் (சமண, பௌத்தப் பள்ளிக்கு நிலக்கொடை) விட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். தவிர, செப்பேட்டில் ஏடுதான் ஆவணம். இங்கே தகடு வெறும் கருவி, மதிப்பு தாளுக்கு.

தகடு, தட்டான் ஒரே வேர் என்பதை நான் ஏற்கவில்லை. தனி மடல் வேண்டாம்.

சு. எழுதியது (சிவகாசி):

மீ. அக்கா, ரொம்ப நாளாப் படிக்க மட்டும் செய்யறவன். லெட்டர்பிரஸ் (எழுத்து கோத்து அச்சடிக்கிற) காலத்து ஆளு, அதனால ஒண்ணு சொல்லிடறேன். எல்லாரும் தகடு, ஓவியம்னு நிக்கிறீங்க. விஷயம் பள்ளத்துல இருக்கு.

நாங்க படம் போட 'லைன் பிளாக்' வாங்குவோம். துத்தநாகத் தகட்டுல கோடு இருக்கிற இடத்தை மூடிட்டு, மிச்சத்தை ஆசிட்ல தின்னவிட்டுச் செய்யறது. கோடு மேடா நிக்கும், மை மேட்டுல ஏறும். உங்க ரோம் ஆளு செஞ்சது நேர் எதிரு. தகடு முழுக்க மெழுகு மாதிரி ஒரு பூச்சு, ஊசியால அதைக் கீறிப் படம் போடறது, அப்புறம் ஆசிட். கீறின இடம் பள்ளமாகும். மையை அப்பி, மேல் மையைத் துடைச்சிட்டா பள்ளத்துல மட்டும் தங்கும். ஈரத் தாளை வச்சு உருளையில அழுத்தினா தாள் பள்ளத்துக்குள்ள போய் மையை எடுத்துட்டு வரும். தாள்ல தகட்டு விளிம்பு அமுங்கின தடம் தெரியும். ஏலத்துல வாங்கறவங்க முதல்ல தடவிப் பாக்கிறது அதைத்தான்.

ஆசிட் இல்லாம உளியாலேயே நேரா வெட்டினா அது என்கிரேவிங். ரெண்டும் பள்ளந்தான். ஒண்ணு வெட்டுன பள்ளம், ஒண்ணு தின்ன பள்ளம்.

பாத்திரக்கடையில எவர்சில்வர் குடத்துக்குப் 'பேரு வெட்டித் தாங்க'ன்னுதானே கேக்கிறோம்? யாரும் 'பொறித்துத் தருக'ன்னு கேட்டு நான் பாத்ததில்லை.

மீ. எழுதியது:

சு. தம்பி, இதற்குத்தான் காத்திருந்தேன். கட்டுரையாளர் ஒரு பத்தி முழுக்கச் சுற்றி வளைத்ததை ரெண்டே வரியில் சொல்லிவிட்டீர்கள். பிரானேசி பெரும்பாலும் அமிலத்தில்தான் வேலை செய்தார், உளியைத் திருத்தத்துக்கே எடுத்தார். நிழல் வேண்டிய கோடுகளைத் திரும்பத் திரும்ப அமிலத்தில் விட்டார். இருட்டு அவ்வளவு ஆழமாக வந்தது அப்படித்தான். ஆங்கிலத்தில் பொதுவாக இரண்டையும் என்கிரேவிங் என்றே சொல்லிவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

அப்படியானால் 'வெட்டுப்படம்', 'அரிபடம்'?

கு. எழுதியது:

அரிபடம் என்றால் பெருமாள் படம் என்று பூ வைத்துவிடுவார்கள்.

இரா. எழுதியது:

'அரிப்படம்' என்று எழுதாமல் வல்லினம் மிகாமல் எழுதியதற்கு அம்மையாருக்குப் பாராட்டு. வினைத்தொகை. ஆனால் 'அரிப்போவியம்' என்று யாரேனும் நீட்டுவார்கள், படிப்பவர் சொறிந்துகொள்வார்.

மீ. எழுதியது:

சரி. 'உளிவெட்டு', 'அமிலவெட்டு'. இரண்டும் வெட்டு, எதனால் வெட்டு என்பதும் தெரிகிறது. யாருக்காவது மறுப்பு?

இரா. எழுதியது:

உண்டு. அமிலம் 'அம்லம்' என்ற வடசொல்லின் திரிபு. 'காடிவெட்டு' என்க. புளித்த நீருக்குக் காடி என்று பெயர் இருக்கையில் கடன் எதற்கு? சித்த நூல்களில் 'செயநீர்' என்றும் உண்டு. அது உலோகத்தையே மாற்றும் நீர், பொருள் இன்னும் நெருங்கும். செயநீர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்...

*(இங்கே 4 பத்திகள் வெட்டப்பட்டன. விரும்புவோர் குழும ஆவணத்தில் படிக்கலாம். – மட்டுறுத்தர்)*

கு. எழுதியது:

காடிவெட்டு என்றால் ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டுவது மாதிரி இருக்கிறது ஐயா.

மீ. எழுதியது:

கு., ஐயாவைக் கிண்டல் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள். 1645இல் பாரீசில் ஆபிரகாம் போஸ் எழுதிய செய்முறை நூலில் தகட்டைத் தின்னவைக்கும் நீருக்கு என்ன சரக்கு தெரியுமா? வினிகர், நவச்சாரம், உப்பு, வங்காளப்பச்சை (செம்புக் களிம்பு). காடிதான் முதல் சரக்கு! இத்தாலியர் இதற்கு வைத்த பெயர் 'ஆக்குவாஃபோர்த்தே', வலுநீர் என்று பொருள். அது வெடியுப்புத் திராவகத்தின் (நைட்ரிக் அமிலம்) பெயர். ஆக இரண்டு வழியும் உண்டு. ஆனாலும் என் வாசகர் பள்ளியில் படித்தது அமிலம். அமிலவெட்டையே வைத்துக்கொள்கிறேன், ஐயா பொறுத்தருள வேண்டும்.

'இம்ப்ரெஷன்' பற்றி யாருமே பேசவில்லையே.

சு. எழுதியது:

ஈடுன்னு போடுங்க அக்கா. முதல் ஈடு இட்லி, ரெண்டாம் ஈடு இட்லி. ஒரே தட்டு, வேற வேற ஈடு. செம்பு மெத்து உலோகம், போகப் போகப் பள்ளம் ஆழம் குறையும், கறுப்பு சாம்பலாயிடும். முதல் ஈட்டுக்கு விலை ஜாஸ்தி இருக்கிறது நியாயந்தான்.

இரா. எழுதியது:

அருமை! திருவாய்மொழிக்கு நம்பிள்ளை உரை ஈட்டு முப்பத்தாறாயிரப்படி. அதில் ஈடும் உண்டு, படியும் உண்டு. பிரதிக்குப் 'படி' என்றும் நாம் சொல்கிறோம். ஈடு பற்றி என் முழு இசைவு.

கு. எழுதியது:

முதல் தடவையாக ஐயாவும் நானும் ஒரே பக்கம். ஈடு ஓகே.

ஸ்டேட்டுக்கு 'நிலை' போதும். 1ஆம் நிலை, 2ஆம் நிலை.

மீ. எழுதியது:

'நிலை' என்றால் படம் கிழிந்திருக்கிறதா, நன்றாக இருக்கிறதா என்று எடுத்துக்கொள்வார்கள். ஏலக்குறிப்பில் அதற்கும் 'நிலை' என்று ஒரு பத்தி தனியாக வருகிறது. இந்த நூலில் ஸ்டேட் சின்ன விஷயமும் இல்லை. அயர்லாந்துப் பிரபு சார்ல்மான்ட் பொருள் தருவதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பிப் பிரானேசி அவருக்கே நூலைக் காணிக்கையாக்கி முகப்புத் தகட்டில் பெயரையும் வெட்டினார். எதிர்பார்த்த பணம் வரவில்லை. தகட்டில் இருந்த காணிக்கை வாசகத்தை அழித்தார், அதுவும் ரோமானியர் தண்டிக்கப்பட்டவன் பெயரைக் கல்வெட்டிலிருந்து கொத்தி எடுப்பதுபோல. 1757இல் நடந்ததையெல்லாம் கடிதங்களாக அச்சிட்டு ஊருக்கே காட்டினார். பிரபுவின் பெயரோடு உள்ள தாள் கிடைப்பது அரிது, அந்த முகப்புள்ள தொகுதி ஏலத்துக்கு வந்தால் போட்டி. இதை வெறும் 'நிலை' தாங்குமா?

சு. எழுதியது:

தகட்டுல அழிக்கிறது லேசில்லை. சுரண்டி, தேய்ச்சு, பின்பக்கம் தட்டிச் சமன் பண்ணி, மறுபடி வெட்டணும். அவ்வளவு கோபம் இருந்திருக்கு.

இரா. எழுதியது:

ஒரே நூலின் படிகளில் வாசகம் மாறி நின்றால் சுவடியில் அதற்குப் பெயர் பாடபேதம். உ.வே.சா. காலந்தொட்டு வழங்குகிறது. 'தகட்டுப் பாடம்' என்க. முதற்பாடம், இரண்டாம் பாடம். பிரானேசி தம் சிறைக்கூடப் படங்களை 1750 வாக்கில் 14ஆகப் போட்டு 1761இல் இருட்டாக்கி 16ஆக மறுபடி விட்டாரே, அதற்கும் இது பொருந்தும்.

கு. எழுதியது:

'பாடம் 1' என்று பார்த்ததும் வாய்ப்பாடு ஒப்பிக்க உட்கார்ந்துவிடுவார்கள். தவிர, பாடபேதம் படியெடுத்தவர் கைப்பிழையில் வருவது. இங்கே ஆசிரியரே தெரிந்து மாற்றுகிறார். ஐயா சொல்வது ஒட்டவில்லை.

இரா. எழுதியது:

ஆசிரியரே மாற்றிய பாடமும் பாடமே.

மீ. எழுதியது:

அனுப்பிவிட்டேன். உளிவெட்டு, அமிலவெட்டு, ஈடு, தகட்டுப் பாடம். கடைசியதற்கு மட்டும் முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன். தொகுதியைப் பிரித்துப் படங்களைத் தனித்தனியாக விற்பதற்கு யாரையும் கேட்காமல் 'கூறு போடுதல்' என்று எழுதிவிட்டேன். முழுத் தொகுதி அரிதாவதற்கு அதுவே ஒரு காரணம் என்று கட்டுரை சொல்கிறது. வணிகர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மட்டுறுத்தர்:

மூவர் 'அமிலவெட்டு', ஒருவர் 'காடிவெட்டு', கு. இன்னும் 'எட்சிங்'. 'தகட்டுப் பாடம்' முடிவாகவில்லை. கலைச்சொல் பட்டியலில் அதற்கு நேரே கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இழையைப் பூட்டவில்லை, ஆனால் வேர்ச்சொல் மடல்களைத் தனி இழையில் இடவும்.

இரா. எழுதியது:

பட்டியலில் என் பெயரையும் மறுப்போர் வரிசையில் சேர்த்துவிடுங்கள். ஆபிரகாம் போஸின் சான்றுக்குப் பிறகும் 'அமிலவெட்டு' என்பதை நான் ஏற்கவில்லை. தகடு–தட்டான் மடல் தயாராக உள்ளது, எந்த இழையில் இடுவது?

கு. எழுதியது:

ஐயா, எனக்குத் தனி மடலே போடுங்கள்.