புதுப்பிப்பு: வரிசைக்கு வரிசை குறுகிய படகுப் போர்வை

காசிமேட்டுப் படகுகளைக் கருவாகக் கொண்டு தங்கையின் குழந்தைக்கு நான் பின்னிய குரோஷா போர்வை மேலே போகப் போகக் குறுகுகிறது என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன்; பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

ஊசியின் அளவை மாற்றியும் பயனில்லை. வரிசை முடிந்து திரும்பும்போது போடும் மூன்று சங்கிலிப் பின்னல்கள் ஒரு கண்ணாக (ஒரு பின்னலாக) கணக்காகும், ஆகவே அடுத்த வரிசையின் முடிவில் அவற்றின் உச்சியிலும் பின்ன வேண்டும் என்று ஒருவர் சொன்னதே சரி. அதை விட்டதால் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து, 120 கண்கள், 16 வரிசைகளில் 104 ஆகியிருந்தன. மனமில்லாமல் அத்தனையையும் பிரித்து, அந்த உச்சிக் கண்ணில் சிவப்பு நூல்துண்டை அடையாளமாகச் செருகிப் பின்னினேன், எண்ணிக்கை குறையவில்லை.

எதிர்பாராதது ஒன்று: போர்வையில் படகு உருவங்களின் பின்புறம் ஓடிய நூல்களில் குழந்தையின் விரல் மாட்டிக்கொண்டது. வண்ணாரப்பேட்டையில் வாங்கிய மல் துணியை (மெல்லிய பருத்தித் துணி) முதலில் நனைத்துச் சுருங்கவிட்டு, உள்புறம் வைத்துத் தைத்துவிட்டேன்.